மேல் அலமாரியில் இருந்த ஃபில்டர்

நஞ்சப்பண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அவர் எதிரில் இதை யாரும் சொன்னதில்லை. அவரும் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

பெருந்துறைப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினார். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய் வரை போவார். 1988இல் கேரளாவுக்கு ஒரு லோடு. வாளையார் செக்போஸ்டில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. தார்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதே என்று இறங்கி, வண்டிக்குப் பின்னால் நின்று இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற லாரி மெல்ல உருண்டு வந்தது. வேகமே இல்லை என்பார் அவர். மாட்டுவண்டி மாதிரி வந்ததாம்.

அதன் பிறகு மூன்று வருஷம் வீட்டில் இருந்தார். மனைவி சாமியாத்தாளுக்கு சிங்காநல்லூரில் ஒரு மில்லில் நூலைக் கோனில் சுற்றும் வேலை கிடைத்ததால், மகள் கீதாவையும் கூட்டிக்கொண்டு இங்கே குடி வந்துவிட்டார்கள். ஜெய்ப்பூர் கால் மாட்டிக்கொண்டு காலையில் எங்கள் கடைக்கு வருவார். திருச்சி ரோட்டில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அது. நான் கவுண்டரில் நிற்பவன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். ரோட்டில் லாரி போனால் தலையைத் தூக்காமலே, "மூணாவது கியர்ல போறான், நாலு போட்டிருக்கோணும்" என்பார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு நூல் மில் வைத்திருந்தவர் அழகிரிசாமி நாயுடு. அவருடைய மருமகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது ஒரு ஜப்பான் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, அப்புறம் அமெரிக்காவுக்குப் போகிறேன் என்று காரை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கிளட்ச் கிடையாது, பிரேக்கும் ஆக்சிலேட்டரும்தான். கோயமுத்தூரில் அப்போது அந்த மாதிரி வண்டியை விரல் விட்டு எண்ணலாம்.

நாயுடுவுக்கு டிரைவர் நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கிளட்ச் மிதித்துப் பழகிய கால்காரர்கள். வண்டி கொஞ்சம் மெதுவானதும் இடது கால் தானாகப் போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பின்னால் இருக்கும் அம்புஜம்மாள், நாயுடுவின் மனைவி, முன் சீட்டில் போய் முட்டுவார். மூன்றாவது டிரைவரும் நின்றுபோன அன்று நாயுடு ஏதோ பல்பு வாங்க எங்கள் கடைக்கு வந்திருந்தார்.

"இந்த வண்டிக்கு எடது காலே இல்லாத டிரைவர்தான் சரிப்படும்போல இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வாசல் பெஞ்சைப் பார்த்தேன்.

"ஒருத்தர் இருக்காருங்க" என்றேன்.

அன்றைக்கே நஞ்சப்பண்ணன் வண்டியை ஓட்ட, இரண்டு பேரும் சூலூர் வரை போய் வந்தார்கள். திரும்பி வந்து இறங்கிய நஞ்சப்பண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயுடு போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"என்னங்ணா, வேண்டாம்னுட்டாரா?"

"நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டாரு கண்ணு. சாமியாத்தாகிட்ட இதை எப்புடிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டிருக்கேன். அவ நம்பமாட்டா."

லைசென்ஸில் இன்னும் சில வருஷம் தேதி இருந்தது. பேண்ட் போட்டு ஷூ மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. 1992இலிருந்து நாலு வருஷம் அவர் அந்தக் காரை ஓட்டினார். அம்புஜம்மாள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே பழனிக்குப் போய் வருவதாகச் சொல்வார்.

ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கியர்பாக்ஸைத் தொட ஊரில் மெக்கானிக்குகளுக்குப் பயம். கழற்றினால் மாட்டத் தெரியாது என்று கைவிரித்தார்கள். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நஞ்சப்பண்ணன் என்னிடம் கொண்டுவந்தார். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். சில இடங்களை மூன்று தரம் படிக்கச் சொல்வார்.

மற்ற வண்டியில் கியரை மாற்றுவது கை. இதில் மாற்றுவது எண்ணெய். சிவப்பு நிறத்தில் தண்ணீர் மாதிரி இருக்கும் ஒரு எண்ணெய், கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் தட்டிலிருந்து மேலே உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக ஓடி வேலை செய்கிறது. உறிஞ்சும் வாயில் ஒரு ஃபில்டர். உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலத்தில் தகரக் கூடு, அதில் சன்னமான பித்தளை வலை. உள்ளே தேயும் இரும்புத் தூளை அதுதான் மேலே போகவிடாமல் பிடிக்கிறது.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நாயுடு வீட்டு போர்ட்டிகோவில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஜெய்ப்பூர் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்கு விரித்து அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். தட்டின் போல்ட்டுகளைச் சுற்றி வரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒரு பக்கம் மட்டும் சாய்த்து எண்ணெயை வடிப்பார். ஒரு சொட்டு சிமெண்டில் விழாது. தட்டுக்குள் இருக்கும் காந்தத்தில் ஒட்டிய கறுப்புத் தூளை விரலில் தேய்த்துப் பார்ப்பார். மாவு மாதிரி இருந்தால் நல்லது. நறநறவென்றிருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஃபில்டரை பெட்ரோலில் அலசி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வலையின் ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார். எண்ணெய் கசியாமல் தட்டுக்கு மேல் வைக்கும் பேக்கிங்கை நான் கார்க் ஷீட்டில் வெட்டிக் கொடுப்பேன்.

நாயுடுவின் மகன் சீனிவாசலுவுக்கு இது பிடிக்கவில்லை. முன்வாசலில் ஒரு ஆள் கால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக் கிடப்பதை வருகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்புஜம்மாள் அதை நஞ்சப்பண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

1995இல் அலசும்போது வலை ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. எங்கள் கடைக்குப் பக்கத்து டிங்கர் பட்டறைக்குக் கொண்டுவந்து ஈயம் பற்றவைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நகக்கண் அளவுக்கு, பிறை மாதிரி ஒரு பற்று.

"ஒரு வருஷம் தாங்கும். புதுசு ஒண்ணு வரவெச்சுப்போடோணும்" என்றார்.

உக்கடத்தில் வெளிநாட்டுக் கார் சாமான் வியாபாரம் செய்யும் அப்துல் நாசரிடம் சொல்லிவைத்தோம். சிங்கப்பூரிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்வதாகச் சொன்னார். மாதங்கள் ஓடின.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், ஜெய்ப்பூர் கால் உரசி உரசி நஞ்சப்பண்ணனின் முழங்காலுக்குக் கீழே புண் வந்துவிட்டது. மூன்று வாரம் அதை மாட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் படுத்திருந்த அந்த நாட்களில்தான் அப்துல் நாசர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே புது ஃபில்டர், பேக்கிங்கோடு. நான் பெட்டியின் மேல் நஞ்சப்பண்ணன் என்று எழுதி மேல் அலமாரியில் வைத்தேன். அவர் வீடு பத்து நிமிஷ நடை. போய்ச் சொல்லியிருக்கலாம். அவரே கடைக்கு வந்ததும் எடுத்து நீட்ட வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

நான்கு நாள் கழித்து, நீலச் சட்டை யூனிஃபார்ம் போட்ட ஒரு ஆள் கடைக்கு வந்தார். அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பின் பெயரைச் சொன்னார். நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொருளைக் கவுண்டர் மேல் பிரித்து வைத்தார்.

"இது கெடைக்குமா? ஆட்டோமேட்டிக் வண்டி. வலை போயிருச்சு."

பழைய ஃபில்டர். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வலை கிழிந்திருந்தது. ஓரத்தில் பிறை மாதிரி ஈயப் பற்று.

யாருடைய வண்டி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சீனிவாசலு வண்டியை வெளியே கொடுத்துவிட்டார். பெரிய ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் சுத்தமாகச் செய்து கொடுத்துவிட்டால், போர்ட்டிகோவில் சாக்கு விரிக்கும் ஆள் எதற்கு? மூன்று வாரம் கழித்து நஞ்சப்பண்ணன் போய் நிற்கும்போது, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஃபில்டர் இல்லையென்றால் இவர்களால் செய்ய முடியாது. வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது இதையே அலசி மாட்டுவார்கள். அவர் வரும்வரை வண்டி காத்திருக்கும். இத்தனையும் நான் நினைத்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"இல்லீங்க. கோயமுத்தூர்லயே கெடைக்காதுங்க."

"இல்லாம ஓட்டலாமா?"

"அது உங்க மேஸ்திரியத்தான் கேக்கோணும்."

அந்த ஆள் ஃபில்டரைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீனிவாசலு குடும்பத்தோடு குன்னூர் கிளம்பினார். பர்லியாறு தாண்டி மூன்றாவது வளைவில் என்ஜின் கத்தியது; வண்டி நகரவில்லை. அம்புஜம்மாளை ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள்.

நாயுடு ஆள் அனுப்பியதும் நஞ்சப்பண்ணன் கக்கத்தில் ஊன்றுகட்டையோடு வந்துவிட்டார். புண் இன்னும் ஆறவில்லை. பேக்கிங் ஷீட் எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொல்லியிருந்தார். போர்ட்டிகோவில் அவர் அடியில் படுத்து போல்ட்டைக் கழற்ற, நான் பக்கத்தில் முட்டி போட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வடிந்தது. சிவப்பே இல்லை. டீத்தூள் டிகாக்‌ஷன் நிறம், தீய்ந்த வாடை. காந்தத்தின் மேல் இரும்புத் தூள் முள்ளு முள்ளாக நின்றது. பிறகு தட்டை இறக்கினார்.

ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. உறிஞ்சும் வாய் திறந்து கிடந்தது.

கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இது வெறும் சல்லடைதானே என்று புது எண்ணெயை மட்டும் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஃபில்டர் இருந்தால் அதன் வாய் எண்ணெய்க்குள் முங்கியிருக்கும். அது இல்லாமல் எண்ணெயோடு காற்றையும் தூளையும் உறிஞ்சி, மேட்டில் ஏறும்போது உள்ளே எல்லாம் தீய்ந்துவிட்டது.

நஞ்சப்பண்ணன் அந்தத் துவாரத்தில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. சாக்கின் மேல் அப்படியே படுத்திருந்தார்.

"ஏனுங் நஞ்சப்பா, சரி பண்ணிரலாமா?" என்று மேலே இருந்து நாயுடு கேட்டார்.

"இல்லீங்க" என்றார்.

மறுநாள் கட்டையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காராமல் நேராகக் கவுண்டருக்கு வந்தார்.

"நாசர் பாய் ஏதாச்சும் சொன்னாரா கண்ணு?"

நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"எப்ப வந்துச்சு?"

"பத்து நாளாச்சுங்ணா."

"ஒர்க்‌ஷாப்காரன் ஒருத்தன் கடை கடையாக் கேட்டுட்டுத் திரிஞ்சிருக்கான். இங்க வந்தானா?"

"வந்தாருங்ணா. உங்க வண்டின்னு தெரியலை. உங்களுக்குன்னு வெச்சதை எப்புடிக் குடுக்கறதுன்னுதான்..."

"சாம்பிள் கொண்டாந்தானா? ஓரத்துல ஈயப் பத்து இருந்துச்சா?"

"நான் கவனிக்கலீங்ணா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நீ என்ன பண்ணுவே, எனக்குன்னு எடுத்து வெச்சே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வேறு கியர்பாக்ஸ் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க ஆறு மாதமாவது ஆகும் என்று அப்துல் நாசர் சொன்னார். அவ்வளவு நாள் காத்திருக்க சீனிவாசலு தயாராக இல்லை. அப்போது எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார். டீசல் என்ஜினும் சாதாரணக் கியர்பாக்ஸும் வாங்கி மாட்டினார். கார் திரும்பி வந்தபோது அதில் மூன்று பெடல்கள் இருந்தன.

நஞ்சப்பண்ணனுக்குப் புண் ஆறியிருந்தது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவரே கேட்டாராம். நான் அங்கே இல்லை. சாமியாத்தாளக்கா பின்னால் சொன்னதுதான். ஏறி உட்கார்ந்து, ஜெய்ப்பூர் காலைக் கையால் தூக்கி கிளட்சின் மேல் வைத்தாராம். தொடையால் அழுத்தினால் கிளட்ச் இறங்குகிறது. ஆனால் பாதி இறங்கியதா முழுசாக இறங்கியதா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. விடும்போது வண்டி எகிறி விழுந்து அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி அணைந்தது. ஐந்தாறு தரம். அம்புஜம்மாள் படியிலேயே நின்றிருந்தவர், "போதுமப்பா, எறங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

நாயுடு நல்ல மனுஷர். அவரை அனுப்பிவிட மனமில்லாமல் மில் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார். காக்கிச் சட்டை, ஸ்டூல், ஒரு நோட்டு. கார் வந்தால் நஞ்சப்பண்ணன் எழுந்து இரும்புக் கேட்டைத் தள்ளித் திறப்பார். சீனிவாசலு வேலைக்கு வைத்த புது டிரைவர் மூன்றாவது கியரிலேயே திருப்பத்தை எடுப்பான். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பேப்பர் படிக்கக் கடைக்கு வருவது நின்றுபோயிற்று. நான்தான் அவ்வப்போது கேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். என்னைக் கண்டால் ஸ்டூலை நகர்த்தி இடம் விடுவார். ஆனால் பேச்சு பழைய மாதிரி வரவில்லை.

ஒரு நாள் சாமியாத்தாளக்கா கடை வழியாகப் போகும்போது நின்றார்.

"உங்க அண்ணன் கையை நம்பாம ஆயிட்டாரு தம்பி. ஊட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னாக்கூட ஆளைக் கூப்புடுங்கறாரு. என்ர ஈயப் பத்து உட்டுப்போச்சு, அதனாலதான் அதை வீசிட்டாங்க, நான் ஒழுங்கா வெச்சிருந்தா வண்டி போயிருக்காதுன்னு அதையே சொல்லிட்டிருக்காரு. ரெண்டு வருசமா இதே பேச்சு."

அன்று சாயங்காலமே மில் கேட்டுக்குப் போனேன். ஷிஃப்ட் விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலையும்வரை நின்றேன்.

"அண்ணா, அந்த சாம்பிளை நான் பாத்தேனுங்க. உங்க பத்து அப்புடியே இருந்துச்சுங்க. கிழிஞ்சது நடுவுல."

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனுங்ணா."

"பத்து உடலையா?"

"உடலீங்ணா. நெசமாலுமே உடலீங்க."

அவர் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அதற்குள் அவர் யோசித்துவிட்டார்.

"பத்தைப் பாத்தீன்னா, எந்த வண்டின்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்தது, அலமாரியில் பெட்டி இருந்தது, இல்லை என்று சொன்னது, பிறகு கவனிக்கவில்லை என்று சொன்னது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு அடி போட்டிருப்பேன். அதோட போயிருக்கும்" என்றார் கடைசியில். "ரெண்டு வருசம் நான் என்ர கையைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து கேட்டைத் திறக்கப் போனார். திரும்பி வந்து உட்காரவில்லை. நான் போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

1999 தொடக்கத்தில் கீதாவுக்கு ஈரோட்டில் கல்யாணமாயிற்று. எனக்குப் பத்திரிகை வந்தது. சாமியாத்தாளக்கா கொண்டுவந்து கொடுத்தார். நான் போகவில்லை, போக முடியவில்லை. அந்த வருஷமே நஞ்சப்பண்ணனும் சாமியாத்தாளக்காவும் மகள் இருக்கும் ஈரோட்டுக்கே போய்விட்டார்கள்.

வருஷக் கடைசியில் கடை வேலையாக ஈரோட்டுக்குப் போனேன். மஞ்சள் மண்டியில் அவர் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தேடிப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பின்னோக்கி வரும் லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். "வா, வா, இன்னும் வா, ரைட்ல ஒடி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்குப் பின்னால் அல்ல, நன்றாகப் பக்கவாட்டில் தள்ளி நின்றிருந்தார். முடி நரைத்திருந்தது. உடம்பு பரவாயில்லை.

வண்டி நின்றதும் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானுங்ணா."

"ஊட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? ஒக்காருங்க. டீ சாப்புடறீங்களா?"

எட்டு வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவைகூட நீங்க என்று சொன்னதில்லை. மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். டீ வந்தது. மழை இல்லாததையும், இந்த வருஷம் மஞ்சள் வரத்து குறைந்ததையும், கீதா முழுகாமல் இருப்பதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அடுத்த லாரி வந்ததும், "இருங்க, வாரேன்" என்று எழுந்து போனார். அதை நிறுத்துவதற்கு வெகுநேரம் ஆயிற்று. நான் டம்ளரை டீக்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவரும் தூரத்திலிருந்தே கைகூப்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.